சாவுகாரின் டீயும் என் ராட்டையும்

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. ஓசூரில் இப்போதுபோல் கம்பெனி பஸ்ஸும் ஷிப்டும் வந்திராத காலம். ஊருக்கு வெளியே கெலமங்கலம் போகிற பாதையில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் வேலை நடந்தது. நான் அங்கே ராட்டை சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. கொதிக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து, வெந்த கூடுகளிலிருந்து இழைகளைப் பிடித்துச் சேர்த்துக் கொடுப்பாள். இன்னொருத்தி ராட்டையைச் சுற்றி அதை நூலாக இழுப்பாள். வேகமாகச் சுற்றினால் நூல் அறுந்துபோகும், மெதுவாகச் சுற்றினால் முடிச்சு முடிச்சாக வரும். எதிரே இருப்பவளின் கையைப் பார்த்தே சுற்ற வேண்டும். அதனால் எங்களுக்குள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை.

என் ஜோடிக்காரி ஆனேக்கல் பக்கத்துக்காரி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். அதுவும் கேட்ட கேள்விக்கு மட்டும்தான். நானோ வாய் ஓயாதவள். புழு வேகிற நாற்றத்தில் பேசாமலும் இருந்தால் மனுஷி என்ன ஆவது? நான் பத்து பேசினால் அவள் ஒன்று சொல்வாள், அதுவும் "கையைப் பாரு" என்பதாக இருக்கும். அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

முதலாளியை நாங்கள் சாவுகார் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம்தான் காலையில் எல்லாருக்கும் ஒரு டீயும் பன்னும் கொடுக்க ஆரம்பித்திருந்தார். அதைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெறப் போகிறவள் போனது போனதுதான், அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. மழை பெய்தால் நனைவதுபோல் அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம்.

எனக்கு ஏழாம் மாதம் ஆனபோது சாவுகார் கூப்பிட்டு, நல்லபடியாகப் பெற்றெடு, அடுத்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். எங்கள் மேட்டு நிலத்தில் கேழ்வரகு இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. என் வீட்டுக்காரர் லாரி வந்தால் மூட்டை தூக்குவார், வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். என் கூலியில்தான் உலை கொதித்தது.

பிரசவத்துக்குப் பாரூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஓசூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது சாதாரணமாகச் சொன்னாள், கொட்டகைப் பக்கம் போனாளாம், என் ராட்டையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாளாம், என் ஜோடிக்காரி அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசினாளாம்.

வேலை போகும் என்று தெரிந்ததுதான். ஆனால் என்னோடு ஒரு நாளாவது சிரித்தாளா அவள்? அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், மறுநாளே குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வந்து பஸ் மாறி ஓசூரில் இறங்கினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கொட்டகை வாசலில் சாவுகார், பெங்களூரிலிருந்து வந்த பட்டு வியாபாரி ஒருவரோடு நின்றிருந்தார். பெண்கள் மணியடிக்கும் முன்பே, இருட்டோடு இருட்டாக வந்துவிடுகிறார்கள், எல்லாம் நான் கொடுக்கிற டீயின் மகிமை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். நாத்தனார் சொன்னது உண்மைதான். என் ராட்டையில், கூடு பொறுக்கும் அக்கா உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டைக்கூடு, கறைபட்ட கூடு எல்லாவற்றையும் தனியே பிரித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை.

நான் என் ஜோடிக்காரியைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. நான் எப்போது தொலைவேன் என்று காத்திருந்தாயா, என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாயா என்பதெல்லாம் அதில் அடக்கம். அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கூடு பொறுக்கும் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அடிப் பாவி, உன் ஜாகாவை எவடி புடுங்கினா? நீ வர்ற வரைக்கும் வேற ஆளு வந்து உக்காந்துடக் கூடாதுன்னுதான்டி நான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ராட்டை காலியாக இருந்தால்தானே சாவுகார் ஆள் தேடுவார்? அதனால் அக்கா என் ராட்டைக்கு வந்துவிட்டாள். இவள் பொறுக்க வேண்டிய கூட்டை எல்லாப் பெண்களும் விடியும் முன்பே வந்து, சுற்றி உட்கார்ந்து பொறுக்கி முடித்துவிடுகிறார்கள். ராட்டையும் சுற்றுகிறது, கூடும் தயாராக இருக்கிறது என்பதால் சாவுகாரும் ஆள் தேடுவதை மறந்துவிட்டார். இந்த யோசனையைச் சொன்னதே என் ஜோடிக்காரிதானாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், என் வாய் அப்படி. எனக்குத் தெரிந்தால் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவள்தான் தடுத்தாளாம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் என் பிழைப்பையே கெடுத்துவிட்டது, ஏனென்றால் சாவுகார் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரோடு வந்த வியாபாரி, "ஓஹோ, உங்க டீ மகிமை இதானா?" என்று சிரித்துவிட்டார். சாவுகாரின் முகம் சிறுத்துப்போனது.

"அப்போ ஒரு ஆள் குறைஞ்சும் வேலை நடந்திருக்குது. இனிமே இவ எதுக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் கணக்கும் சரியாகத்தானே இருந்தது. ஒரு குறையும் தெரியக் கூடாது என்று அந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையே, நான் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. குழந்தை வேறு வீரிட்டு அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் என் ஜோடிக்காரி தொட்டியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

"சாவுகாரே, ஆளு கொறையலே. அவ பாரத்தை நாங்க எல்லாரும் சுமந்தோம். வேணாம்னா எறக்கி வெச்சிடறோம். நாளையிலிருந்து மணி அடிச்சப்புறமே வர்றோம், எவ்வளவு நூல் வருதுன்னு நீங்களே பாருங்க."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் ராட்டை நின்றதும் பக்கத்து ராட்டை நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் அவரை முறைக்கவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். தண்ணீர் கொதிக்கிற சத்தமும் என் குழந்தையின் அழுகையும் மட்டும் கேட்டது.

பாவம், சாவுகார் கேட்டது இதைத்தான். "அப்போ என் டீக்காக வரலியா நீங்க?"

"டீயும் நல்லாத்தான் இருந்துச்சு சாவுகாரே" என்றாள் கூடு பொறுக்கும் அக்கா. கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அன்றே முடிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பெறப் போகிறவள் திரும்பி வரும்வரை ராட்டை அவளுடையது. அதுவரை கூடு பொறுக்க வெளியாள் ஒருத்தியைக் கூலிக்கு வைத்துக்கொள்வார், யாரும் இருட்டில் வர வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது என்பதையும் மறக்காமல் சொன்னார். இருக்கட்டும், அன்றைக்கு எங்களுக்கு அதுவே பெரிது. குழந்தைக்குக் கழுத்து நின்றதும் நான் வேலைக்குத் திரும்பினேன். கூடு அடுக்கும் அறையில் அவளுக்குத் தூளி கட்டிக்கொள்ளவும் சம்மதித்தார்.

திரும்பி வந்த அன்று ஜோடிக்காரியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் நிமிராமலே, "கையைப் பாரு" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தூளியில் கிடந்த அந்தப் பெண்ணின் மகள் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகிறது. எங்கள் கொட்டகைக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காத நாளில், நான் வாய்க்கு வந்தபடி ஏசிய ஒருத்தி, தினமும் விடியுமுன் எழுந்து வந்து என் இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தாள் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.