பெரியவர்களுக்குக் கீழ் ரூம்

பலராமன் முதலியார்பேட்டையில் மில் வேலை பார்த்தவர். நூற்புப் பிரிவில் முப்பத்தோரு வருஷம். பஞ்சுத் தூசியில் ஆறு நாள் இருமுவார். ஏழாம் நாள் சைக்கிளில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பாற்றுக்குப் போய்விடுவார். அங்கே இருமல் வராது. மடவை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாலை வரை உட்கார்ந்திருப்பார். கொடுவா மாட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களின் தேதிகூட அவருக்கு மனப்பாடம்.

அவர் மனைவி ராஜாம்பாளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். ஒருநாளும் அவரோடு ஆற்றங்கரைக்குப் போனதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஊரை விட்டு வெளியே போய்த் தங்கியது திருப்பதியில் ஒரு ராத்திரி மட்டும்தான். நாற்பத்தைந்து வயதிலேயே அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

ஒரே மகன் இராமதாஸ். புதுச்சேரியில் எத்தனையோ பையன்கள் போன வழியில்தான் அவனும் பிரான்சுக்குப் போனான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவின் மகள் பார்வதியைக் கட்டிக்கொண்டு, 1978இல் விமானம் ஏறினான். அங்கே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. பெண் குழந்தை பிறந்தது. படம் வந்தது. பேத்தியைப் பலராமனும் ராஜாம்பாளும் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

1984 ஜூலையில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பலராமன் அதை வாசலில் நின்றபடி சத்தமாகப் படித்தார்.

"வரும் பிப்ரவரியில் வருகிறோம். குடும்பத்தோடு ஒரு வாரம் எங்காவது போகலாம் என்றிருக்கிறோம். பிளேனில் போய் இறங்கி, அங்கேயே தங்கி மீன் பிடிக்கிற மாதிரி வசதியான இடமாக நீங்கள்தான் பார்க்க வேண்டும். மீன் விஷயம் உங்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? இரண்டு ரூம் போதும். எங்கள் மூன்று பேருக்கு ஒன்று, பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஒன்று. பெரியவர்களுக்குக் கீழ் ரூமாக இருக்கட்டும். முட்டி வலியோடு மாடி ஏற முடியாது. டிக்கெட்டை நான் இங்கேயே எடுத்துவிடுகிறேன்."

"இன்னொரு தபா படிங்க," என்றாள் ராஜாம்பாள்.

"எதை?"

"அந்த முட்டி வலிய."

படித்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க போயி ஆறு வருசமாச்சி. என் முட்டி அவனுக்கு ஞாபகம் இருக்குது பாத்தீங்களா?"

மறுநாளே பலராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரு வீதியில் இருந்த ஒரு டிராவல் ஆபீசுக்குப் போனார். மெட்ராசிலிருந்து அந்தமானுக்கு விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரப் பயணம், கடல் மீனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்றார் அங்கிருந்த கிளார்க். போர்ட்பிளேரில் மூன்று லாட்ஜ்களின் விலாசத்தைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

பலராமன் மூன்றுக்கும் எழுதினார். முதல் லாட்ஜ் கடைத்தெருவில், மாடியில் இருந்தது, தள்ளிவிட்டார். இரண்டாவது மேட்டின் மேல் இருந்தது. கடல் நன்றாகத் தெரியும், ஆனால் படகுத்துறைக்கு நாற்பது படி இறங்க வேண்டும் என்று பதில் வந்தது. அதையும் தள்ளினார். மூன்றாவது லாட்ஜை நடத்தியவர் வேம்பு என்பவர். கப்பலில் வேலை பார்த்துவிட்டு அந்தத் தீவிலேயே தங்கிவிட்ட கடலூர்க்காரர். தமிழிலேயே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள், வாசலில் இரண்டே படி, அறையிலிருந்து ஐம்பதடியில் துறை, சொந்தமாக மோட்டார் படகு.

பலராமனுக்கு அது போதவில்லை. மறுபடி எழுதினார். கக்கூஸ் உட்காருகிற மாதிரியா, குந்துகிற மாதிரியா? கட்டில் எவ்வளவு உயரம்? படகில் நிழலுக்குக் கூரை உண்டா? காலைத் தூக்கி வைக்க முடியாதவர்கள் படகில் ஏற வழி உண்டா? "என் சம்சாரம் ராஜாம்பாளுக்கு முட்டி வலி. தண்ணீர் என்றால் பயமும் உண்டு. அவள் ஒருமுறையாவது நான் மீன் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று கடைசியில் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

வேம்பு பொறுமையாகப் பதில் போட்டார். உட்காரும் கக்கூஸ் உண்டு. கட்டில் உயரத்தை முழம் போட்டு எழுதியிருந்தார். படகுக்குக் கைப்பிடி வைத்த பலகை போடச் சொல்கிறேன், அம்மா தைரியமாக வரட்டும் என்றும் எழுதியிருந்தார். பலராமன் அந்த லாட்ஜையே முடிவு செய்து, மகனுக்கு எழுதினார். 'மெத்த சந்தோஷம்' என்று மகனிடமிருந்து பதில் வந்தது.

ராஜாம்பாளுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. "ஏரோபிளேன்ல ஏற ஏணி எத்தினி படி இருக்கும்?"

பலராமன் கிளார்க்கிடம் கேட்டு வந்தார். இருபது இருக்கலாம் என்றார் அவர். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வீட்டில் மாடிப்படி இருந்தது. ராஜாம்பாள் தினமும் காலையில் அங்கே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பழகினாள். முதல் வாரம் நாலு படி. தீபாவளிக்குள் எட்டு. பொங்கல் கழிந்து ஒருநாள் மாடிக்கே போய்விட்டாள். மேலே நின்று, "கன்னியம்மா, நான் ஏறிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குள் தெருவுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. குழாயடியில் அவளுக்கு முதலில் தண்ணீர் பிடிக்க வழி விட்டார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வந்து இறங்கினார்கள். இராமதாஸ், பார்வதி, நாலு வயதுப் பேத்தி. அவர்களோடு, பிரான்சிலேயே குடியிருந்த சம்பந்தியும் அவர் மனைவி தையல்நாயகியும். சம்பந்தி வீட்டார் ஊருக்கு வருவது பற்றிக் கடிதத்தில் இல்லை. பலராமனுக்கு ஆச்சரியமாக இருந்தாலும் சந்தோஷமாகவே வரவேற்றார். அவர்கள் தங்கியது நகரத்தில், சம்பந்திக்கு இருந்த பழைய வீட்டில். மறுநாள் மத்தியானம் எல்லோரும் முதலியார்பேட்டைக்குச் சாப்பிட வந்தார்கள்.

ராஜாம்பாள் வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி பலராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மெர்சி, சம்பந்தி! ரொம்ப நல்ல எடமா புடிச்சிருக்கீங்க. மிலித்தேர்ல இருந்தப்போ ஆத்து மீன் நெறைய புடிச்சிருக்கேன். கடல் மீனு இதான் முதல் தடவ. என் சம்சாரத்துக்கு முட்டி வலின்னு பாத்துப் பாத்து செஞ்சிருக்கீங்களே, அத மறக்க மாட்டேன்."

பலராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. இராமதாஸ் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தான். "நாளான்னைக்குக் காலையில ஃபிளைட்டுப்பா. இந்தப் பயணம் மாமாவோட ஏற்பாடு. எடத்த மட்டும் எங்கப்பா பாப்பாருன்னு நான் சொன்னேன்."

பலராமன் டிக்கெட்டுகளைப் பார்த்தார். ஐந்து இருந்தன. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விசிறி மாதிரி விரிந்து கிடந்தன. பெரியவர்கள் இரண்டு பேர் யார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

சமையல் பக்கமிருந்து ராஜாம்பாள் வந்தாள். கையில் புது ரெக்சின் பை. மகனுக்குக் காட்டவென்று எடுத்து வந்திருந்தாள். அவள் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. ஆனால் பையோடு வந்து நின்றுவிட்டாள்; திரும்பிப் போக முடியாது.

"இன்னாம்மா, பையெல்லாம் கட்டி வச்சிருக்க? எங்க கெளம்பிட்ட?" என்றான் இராமதாஸ் சிரித்துக்கொண்டே.

ஒரு கணம்தான். அவள் பையைக் கீழே வைத்தாள். "அன்னக்கிளி வூட்டுக்குடா. கனகசெட்டிக்குளம். தங்கச்சி ரொம்ப நாளா கூப்புடுறா. நீங்க அந்தப் பக்கம் போனதும் நாங்களும் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு."

"உங்களையும் கூட்டிப் போவணும்னு நெனச்சேம்மா. ஆனா உனக்குத் தண்ணின்னா ஆவாது..."

"எனக்கு ஏரோபிளேன்லாம் பயம்டா. நீ கூப்புட்டாலும் வர மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு, தையல்நாயகியிடம் இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டுமா என்று கேட்டாள்.

அவர்கள் கிளம்புகிற வரை சிரித்த முகமாகவே இருந்தாள். பலராமன் மகனுக்கு நாலு விதமான தூண்டில் முள்ளும் நரம்புக் கயிறும் எடுத்துக் கொடுத்தார். பாரை மீன் கடித்தால் உடனே தூண்டிலைச் சுண்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். கார் திரும்பிப் போனதும் ராஜாம்பாள் சமையலறையில் எச்சில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் கை கொடுத்தார். பிடித்துக்கொள்ளவில்லை.

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன? நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"சம்பந்தி முன்னால எம்புள்ள தலை குனியணுமா?" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

சொன்ன பொய்க்காகக் கனகசெட்டிக்குளம் போயே ஆக வேண்டியிருந்தது. தெருவில் இருந்தால் கன்னியம்மாள் கேட்பாள். விமானம் புறப்படும் நாள் விடியற்காலையிலேயே பஸ் ஏறினார்கள். அன்னக்கிளியின் புருஷன் பெரிய ரோட்டோரம் மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் கடல். பலராமன் தூண்டில் எடுத்துப் போகவில்லை. காலையும் மாலையும் மணலில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் ராஜாம்பாளும் மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"இந்நேரம் படகுல போயிருப்பாங்களா?"

"போயிருப்பாங்க. காத்து நல்லா இருக்கு."

"கொழந்தைய ஓரத்துல உக்கார வைக்காம இருக்கணும்," என்றாள். கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கும் நெசமாவே முட்டி வலிதாங்க. அன்னிக்கு நம்ம வூட்டு வாசப்படி ஏறுறப்பவே பாத்தேன். பாவம்."

ஏழாம் நாள் வீடு திரும்பினார்கள். அன்று மத்தியானமே இராமதாஸ் வந்தான். தனியாக வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் அங்கேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

"லாட்ஜ்காரரு எங்க மாமியாரப் பாத்து, நீங்கதான் ராஜாம்பாள் அம்மாவான்னு கேட்டாரு. இல்லன்னதும், அப்ப அந்தம்மா எங்கன்னு கேட்டாரு. அப்பா எழுதின லெட்டர்லாம் எங்கிட்டக் காட்டினாரு. படகுக்குப் பலகை போட்டு வச்சிருந்தாரும்மா. ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"உள்ள வா. வெயில்ல நிக்காத."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ நிம்மதியாப் போயிருப்பியாடா?"

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த வருஷம் நாம் மூன்று பேர் மட்டும் போகலாம், சத்தியமாகப் போகலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்னபடி செய்தான். 1986இல் அம்மா அப்பா பெயரில் இரண்டு டிக்கெட் எடுத்து, வேம்புவுக்கும் எழுதிவிட்டு வந்தான். ராஜாம்பாள் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஏழு மாசம் ஆசப்பட்டேன்டா. ஒவ்வொரு படியா ஏறி ஆசப்பட்டேன். மறுபடியும் அப்பிடி ஆசப்பட ஒடம்புல தெம்பு இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். நீயும் அப்பாவும் போய் வாருங்கள் என்றாள். அவளை விட்டுவிட்டுப் பலராமன் போகவில்லை. டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1988 ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். இராமதாஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள், பலராமன் அவனைச் சுண்ணாம்பாற்றுக்கு அழைத்துப் போனார். அப்பனும் மகனும் மத்தியானம் வரை தூண்டில் போட்டார்கள். இரண்டு மடவையும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. கொண்டுவந்து அலசி, சட்டியில் போட்டு, அடுப்பையும் பற்ற வைத்த பிறகுதான், மசாலாவை அவள் என்ன அளவில் அரைப்பாள் என்பது இருவருக்குமே தெரியவில்லை என்பது தெரிந்தது.

"கன்னியம்மாவக் கேக்கட்டுமாப்பா?" என்றான் இராமதாஸ்.

"வேணாம். நாமளே ஏதாவது செய்வோம்," என்றார் பலராமன்.

குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது. மகன் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.