கொண்டேனியின் சொடுக்கு

டர்பனில் டாக்ஸி வேன் ஓட்டுகிறவனுக்கு என்ஜின் இருமினாலும் பிழைப்பு ஓடிவிடும். பாட்டு சரியில்லை என்றால் ஓடாது. எங்கள் உம்லாசிப் பேட்டைப் பிள்ளைகள் வந்த வேனில் ஏறிவிட மாட்டார்கள்; நெஞ்சை அதிர வைக்கும் வேனுக்காகக் காத்து நிற்பார்கள். ஒரு காலத்தில் என் வேனுக்கு அடிதடி நடந்தது. என் ஓட்டும் திறமைக்காக இல்லை, ஃபலாக்கே என்ற பையன் போட்டுக் கொடுத்த பாட்டுக்காக.

டயர் கடையில் வேலை பார்த்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான். ஆனால் அடுத்தவர் பேச்சைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போய், ஒரு பாடாவதி லேப்டாப்பில் போட்டு வெங்காயம் நறுக்குவதுபோல் நறுக்குவான். வார்த்தையின் தலை ஒரு கட்டத்தில், வால் இன்னொரு கட்டத்தில். தாளத்தின் அடிக்கு ஒருமுறை குரல் திறக்கும், மூடும், திக்கும். என் இருமலைக்கூட ஒருமுறை தாளமாக்கிவிட்டான், திருட்டுப் பயல். ஊரே அதற்கு ஆடியது.

வேன் ஸ்டாண்டில் எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்ற கொண்டேனி மேல் அவனுக்கு உயிர். அவளிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளோ அந்தச் சனிக்கிழமை ஜோகன்னஸ்பர்க் போவதாக இருந்தாள், அத்தையின் முடி அலங்காரக் கடையில் வேலைக்கு.

"நேரா போய்ச் சொல்லேன்டா" என்றேன்.

"பாட்டுல சொல்றேண்ணே."

அவள் கூவுவதைப் பதிவு செய்தான்: "வழி விடுங்க, கொண்டேனி வர்றா!" ஸ்டாண்டின் இரைச்சல் அதில் அப்பிக்கிடந்தது. லேப்டாப்பில் குரலைத் துடைக்க ஒரு பொத்தான் உண்டாம், சொடுக்குச் சத்தம், கீறல் சத்தமெல்லாம் போய்விடுமாம். அதை அழுத்திவிட்டான். எங்கள் ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்காமல் அவள் பெயரின் முதலெழுத்தைச் சொல்லவே முடியாது. எங்கிருந்தோ வந்த அந்த மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் நாக்கையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டது.

வேனில் முதன்முறையாகப் போட்டோம். அவளும் ஏறியிருந்தாள். புதுப் பாட்டென்றால் கூட்டம் என்ன சொல்கிறது என்று பதிவு செய்வது அவன் வழக்கம். கைபேசியோடு கடைசி இருக்கையில் பதுங்கியிருந்தான்.

"ஒண்டேனி, ஒண்டேனி, ஒண்டேனி" என்றது பாட்டு. வேன் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

"யாரு இந்தப் பல்லுப்போன கிழவி?" என்று கடைசி இருக்கைப் பக்கம் திரும்பினாள் கொண்டேனி. "என் பேரையே பாதி தின்னுட்டியேடா! ன்ட்ச்!"

எரிச்சல் வந்தால் எங்கள் பெண்கள் கடைவாயில் போடும் சொடுக்கு அது. மாடு ஓட்டுகிறவன்கூட அப்படிப் போட மாட்டான். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். வார்த்தை ஒன்றுமே இல்லை. அவள் திட்டிய அந்த 'ன்ட்ச்' மட்டும்தான். ஒற்றையாக, இரட்டையாக, நறுக்கி, நீட்டி. நடுவில் ஒரு இடத்தில் தாளம் அப்படியே நின்று காலியாகக் கிடந்தது.

"இங்க என்னடா ஒண்ணையும் காணோம்?"

"அது அவ இடம்ணே."

சனிக்கிழமை அவளைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனது என் வேன்தான். அவன் வரவில்லை, டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பாட்டைப் போட்டேன். காலி இடம் வந்தது, ஏறியிருந்த அத்தனை பேரும் கேட்காமலே "ன்ட்ச்!" என்றார்கள். அவள் மட்டும் மடியில் பையை அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். இறங்கும்போது என் பக்கம் குனிந்து ஒரு சொடுக்கு போட்டுவிட்டுப் போனாள்.

திரும்பியதும் நேரே டயர் கடைக்குப் போனேன்.

"ஏதாச்சும் சொன்னாளா?"

"ன்ட்ச்-ன்னா."

"குட்டையாவா, நீளமாவா?"

"நீளமாத்தான்."

"போட்டுக் காட்டுங்கண்ணே."

காட்டினேன். இன்னொரு தடவை என்றான். என் வயதுக்கு நடுத்தெருவில் நின்று பெண்பிள்ளைபோல் கடைவாயைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன்.

"முடிவுல மூச்சு ஏதும் கேட்டுச்சா?"

"சிரிப்பு கேட்டுச்சுடா, மடையா!"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அடுத்த பேருந்தில் அவனும் போய்விட்டான்.

அதோடு என் வேனுக்கு வந்த கூட்டமும் போனது. இப்போதும் பாட்டுகள் வருகின்றன, ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. அவனை நினைக்காத நாளில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தப் பாட்டு இருந்த மெமரி ஸ்டிக்கையும் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். போன வாரம் வேனை ஓட்டிக்கொண்டே, மனசு கேட்காமல் அவனுக்குப் போன் போட்டு, இன்னொரு பிரதி அனுப்பச் சொன்னேன்.

"பாட்டா? லேப்டாப் செத்து எவ்வளவு காலமாச்சுண்ணே!"

பின்னாலிருந்து அவள் குரல்: "களி அடிபிடிக்குது, போன்ல என்ன கதை வேண்டிக்கிடக்கு? ன்ட்ச்!"

"கேட்டுச்சாண்ணே?" என்றான்.

வேனை ஓரங்கட்டினேன். ஏறியிருந்தவர்கள் கத்தக் கத்த, அவள் இன்னொரு தடவை திட்டுவதற்காகக் காதில் போனோடு காத்திருந்தேன்.