சாயப்பட்டறைப் பேய்

ராஜாராமுக்குப் பேய் என்றால் உயிர். பேயை நம்பினான் என்று நினைத்துவிட வேண்டாம், அவன் நம்பியது பேய்ப்படத்தை. முனிச்சாலைப் பக்கம் மாமனாரின் சாயப்பட்டறையில் நூலை முக்கிப் பிழிகிற வேலை. கையில் எந்நேரமும் ஊதாவோ சிவப்போ ஒட்டியிருக்கும். வாடிப்பட்டி டூரிங் கொட்டகையில் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் போட்டுவிட்டார்கள் என்றால் போதும், பாதி நூலை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவான். வெள்ளைச் சேலைப் பேய் கையில் விளக்கோடு மாடிப்படி இறங்கும். கூட்டம் "ஆத்தாடி!" என்று அலறும். அப்போது நம் ஆள் திரையைப் பார்க்க மாட்டான், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போவான். இப்படியும் ஒரு கிறுக்கு.

எண்பத்து மூன்றில் சிங்கப்பூர் உறவுக்காரர் ஒருவர் ஒரு சின்ன சினிமா கேமராவையும், எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுகிற மெஷினையும் கொடுத்துவிட்டுப் போனார். படம் ஓடும், சத்தம் மட்டும் வராது. குரங்கு கையில் பூமாலை கிடைத்த மாதிரி ஆயிற்று. பேய்ப்படம் எடுத்தே தீருவது என்று கிளம்பிவிட்டான். தலைவிரி கோலமாக நிற்க எந்தப் பெண்ணும் சம்மதிக்காததால் கடைசியில் மனைவி அலர்மேல்மங்கையிடமே வந்து நின்றான்.

"சுமங்கலிக்கு வெள்ளைச் சேலையா? வெளங்கிரும்!" என்று பொரிந்து தள்ளினாள் மங்கை. அவன் விடவில்லை. முடிவில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "படத்தைப் பாத்து ஒருத்தராவது பயந்து அலறணும். அலறலைன்னா கேமராவைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு, மூச்சுக் காட்டாம பட்டறையில கெடக்கணும். சரியா?"

சரி என்று தலையை ஆட்டிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

பழைய படங்களில் பார்த்ததை ஒன்று விடாமல் செய்தான். சாம்பிராணிப் புகை, படார் என்று அடிக்கும் கதவு, பகலை ராத்திரியாக்க லென்ஸுக்கு முன்னால் நீலக் கண்ணாடித் தாள். ஒரே ஒரு குறைதான். அந்தப் பேய்களெல்லாம் என்ன அழகாகப் பாடும்! இவனுடைய பேய் ஊமை. பாடாத பேயை எவன் மதிப்பான் என்று நொந்து கொண்டான்.

பட்டறைக்கு விறகு கொண்டுவரும் சிவனாண்டி, "அண்ணே, எங்க ஊருல வந்து போடுங்க. அம்புட்டுப் பேரையும் கூட்டியாரேன்" என்றான். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் அவன் ஊர். பொழுது சாய்ந்ததும் பம்புசெட் ரூமிலிருந்து கரண்ட் இழுத்து, சுவரில் வேட்டி கட்டிப் படத்தை ஓட்டினார்கள். புருஷன் தோற்கிற அழகைப் பார்க்க மங்கையும் பூவும் பொட்டுமாக வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். படத்தில் வரும் பேய் அவள்தான் என்று அந்தப் பெண்கள் யாருக்கும் தெரியாது.

புகைக்குள்ளிருந்து பேய் வந்தது. முன்வரிசையில் இருந்த சின்னத்தாய் "உச்" கொட்டினாள்.

"அடப் பாவமே, இம்புட்டுச் சின்ன வயசுலயே தாலியறுத்துட்டா போல. தலைக்கு எண்ணெ வைக்கக் கூட நாதியில்லயே!"

"சோறு தின்னு எத்தன நாளாச்சோ. மூஞ்சியப் பாரு, காஞ்ச கத்தரிக்கா மாதிரி!" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த ஊரில் விதவைகள் எல்லாரும் வெள்ளைச் சேலைதான். அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? இது ஏன் தன் மரமண்டைக்கு முன்னாலேயே உறைக்கவில்லை என்று ராஜாராம் தலையில் அடித்துக்கொண்டான். மங்கையைப் பார்த்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கம் யாருக்காவது பேய் பிடித்தால் ஓட மாட்டார்கள். உட்கார வைத்து விசாரிப்பார்கள். அதுவும் பேர் ஊர் சொல்லி, கோழியோ சேலையோ கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறிவிடும். சின்னத்தாய் அந்தப் பழக்கத்தில் திரையைப் பார்த்து, "ஏம்மா, நீ யாரு? எந்த ஊரு? என்ன வேணும், சொல்லு" என்றாள்.

பேய் கிட்டே வந்து வாயசைத்தது. குரல் வரவில்லை.

"சத்தமாச் சொல்லுத்தா!"

மறுபடியும் உதடு அசைந்தது. சிரிப்பு அடங்கியது. கேட்டதற்குப் பதில் சொல்கிற பேய், ஆனால் சொல்வது காதில் விழவில்லை. என்ன வேண்டும் என்றே தெரியாமல் அதை எப்படி அனுப்பி வைப்பது? ஒரு குழந்தை ஆத்தா மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

அன்றைக்கு மங்கை கேமரா முன்னால் சொன்னது ராஜாராமுக்குத்தானே தெரியும். "அடுப்புல பாலு பொங்குது, சீக்கிரம் எடுத்துத் தொலைங்க!" அதை இப்போது அவள் சொல்லிவிட்டால் ஊரே உருண்டு உருண்டு சிரிக்கும். கேமரா பரணுக்குப் போய்விடும். மெஷின் வெளிச்சத்தில் அவளைப் பார்த்துக் கெஞ்சலாகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

சின்னத்தாயின் குரல் இறங்கிவிட்டது. "ஏத்தா, அது என்னமோ கேக்குதே. யாருக்காச்சும் வெளங்குதா?"

"எனக்கு வெளங்குதுக்கா" என்றாள் மங்கை நிதானமாக. "காஞ்ச கத்தரிக்கான்னு சொன்னவுக வீடு எதுன்னு கேக்குது. கூடவே வருதாம்."

அவ்வளவுதான். "அய்யோ ஆத்தா!" என்று கிளம்பிய அலறல் வயலெல்லாம் கேட்டது. பாயும் போயிற்று, செருப்பும் போயிற்று. எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் சிவனாண்டி.

திடலில் இரண்டே பேர் மிச்சம். ராஜாராமுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மங்கா, வாயைத் தொறந்து உண்மையச் சொல்லியிருந்தா நீதானே ஜெயிச்சிருப்பே?"

"ஆமா, பெரிய ஜெயிப்பு! என் மூஞ்சியப் பாத்து ஊரே சிரிச்சுட்டுப் போகும், நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனாக்கும்!" என்றவள், கிடந்த பாய் ஒன்றை இழுத்து முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தாள். "முதல்லருந்து ஓட்டுங்க. இந்தச் சனங்க போட்ட கூச்சல்ல நான் என்னையவே சரியாப் பாக்கல."