பெருங்காய டப்பாவும் இருபத்தொரு கிலோமீட்டரும்

எனக்குக் கோதுமை ஆகாது என்று சேலத்து மருத்துவர் சொன்னபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு நிம்மதிதான் வந்தது. அதற்கு முந்தைய ஒன்றரை வருடமாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எதற்கெடுத்தாலும் களைப்பு. நாமக்கல்லில் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. தினமும் காலையில் பள்ளி மைதானத்தை எட்டுச் சுற்று ஓடிக்கொண்டிருந்தவள், இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிடும் நிலைக்கு வந்திருந்தேன். புற்றுநோயாக இருக்குமோ என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் முடிந்து அவர் "சீலியாக்" என்றதும்தான் போன உயிர் வந்தது.

"கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாதும்மா. இதுக்கு மாத்திரை கிடையாது. சாப்பாட்டுலதான் இருக்கு எல்லாம்."

"ஓடலாமுங்களா?"

"முதல்ல குடல் ஆறட்டும், ரத்தம் ஏறட்டும். அப்புறம் தாராளமா ஓடுங்க."

சோறு தின்கிற ஊரில் இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். இட்லி இருக்கிறது, ராகிக் களி இருக்கிறது, முட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பரோட்டா மட்டும் கொஞ்ச நாள் கனவில் வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, என் கணவரின் அக்கா திருச்செங்கோட்டிலிருந்து பார்க்க வந்தார். வரும்போதே ஹாட்பாக்ஸ் நிறையச் சப்பாத்தி.

"ஏஞ்சாமி, சக்கர வந்தவங்கெல்லாம் கோதுமைக்கு மாறுறாங்க. நீ என்னமோ கோதுமைய உடறேங்கற?"

எது ஆகும், எது ஆகாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் ஒரு சப்பாத்தியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"இது கடை மாவு இல்ல கண்ணு. நம்மூட்டுல காயவெச்சு, மில்லுல குடுத்து அரைச்சது. ஒண்ணும் பண்ணாது."

அவரை வருத்தப்படுத்தாமல் அதைத் திருப்பி வைக்க எனக்கு இன்னொரு அரைமணி நேரம் ஆனது.

மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் வயிறு முழுதாக அடங்கவில்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பழையபடி புரட்டியது. சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். வீட்டு ரசம் சாப்பிட்ட நாள், பள்ளி மெஸ்ஸில் சாம்பார் சாப்பிட்ட நாள் என்று ஓர் ஒழுங்கில்லாமல் வந்தது. மெஸ் சமையல்காரரிடம் போய்க் கேட்டேன். ஆத்தூர்ப் பக்கத்து மனிதர், தன் சமையலில் பெருமை உள்ளவர். முகம் சுருங்கிவிட்டது.

"என் சாப்பாட்டுலயா டீச்சர்? வாங்க, நீங்களே பாருங்க."

அரிசி மூட்டையைக் காட்டினார். பருப்பைக் காட்டினார். மிளகாய்த்தூள் தானே நின்று அரைத்தது என்றார். கடைசியில் பெருங்காய டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "எழுத்து பொடிசா இருக்கு, நீங்களே படிங்க" என்றார். படித்தேன். பிசின், கோதுமை மாவு. அவர் டப்பாவைத் திரும்ப வாங்கிக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார்.

"முப்பது வருசமா இதத்தான் போடறேன் டீச்சர். இதுக்குள்ள மாவு இருக்கும்னு நான் கண்டனா?"

என் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலும் அதே டப்பா இருந்தது. அன்றோடு அதை நிறுத்தினேன். மறுநாளிலிருந்து அவர் பெருங்காயம் போடும் முன்பே ஒரு சின்னப் பாத்திரத்தில் எனக்குச் சாம்பாரை எடுத்து மூடி வைத்தார். நான் அவரிடம் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு உடம்பு தேறியது. மைதானம் போதாமல் சாலைக்கு வந்தேன். லாரி பாடி கட்டும் பட்டறைகள், அதைத் தாண்டினால் கோழிப்பண்ணை வாசம், அப்புறம் தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து கிலோமீட்டர் வரை போனேன். கிளம்பும் முன் உப்புப் போட்டு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு துண்டு. கூடவே, மோர் விட்டுக் கரைத்து வடிகட்டிய கம்பங்கூழ் ஒரு பாட்டில். வியர்த்து வழியும்போது அந்த லேசான புளிப்பு நாக்கில் படுவதற்காகவே இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடலாம்.

சேலத்தில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். பதினான்காவது கிலோமீட்டரில் ஒரு கல்லூரிப் பெண் பிஸ்கட்டையும் மால்ட் பானத்தையும் நீட்டினாள். பிஸ்கட்டில் மைதா, மால்ட்டில் பார்லி; இரண்டும் எனக்கு ஆகாது.

"சத்தானதுங்க ஆண்ட்டி, குடிங்க."

"தண்ணி மட்டும் குடு கண்ணு."

பதினெட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் நொண்டி நடந்தேன், பாட்டிலில் இருந்த கூழைக் குடித்து முடித்தேன், மறுபடி ஓடினேன். எல்லைக்கோட்டைத் தாண்டியபோது எனக்குப் பின்னால் அதிகம் பேர் இல்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், பசிதான் வந்தது.

ஓடியவர்களுக்கான பந்தலில் ரவா கிச்சடி, பூரி, கேசரி. என் கணவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவசரமாகப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை இறக்கினார்.

"உனக்கு முன்னாடி திங்க மனசு வரல. அதான் நீ வாரதுக்குள்ள முடிச்சுடலாம்னு..."

"பூரி எப்படிங்க இருக்கு?"

"நல்லா உப்பியிருக்குது" என்றார், குற்ற உணர்ச்சியோடு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கேரியரைப் பிரித்தேன். வெங்காய ஊத்தப்பம், முட்டைப் பொடிமாஸ், தேங்காய்ச் சட்னி. கை கழுவக்கூடப் பொறுமை இல்லாமல் நான்கு ஊத்தப்பம் தின்றேன். பூரி தின்ற வயிற்றோடு அவரும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது ராசிபுரம் தாண்டி ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தச் சொல்லி மூன்று இளநீர் குடித்தேன். திங்கட்கிழமை ஐந்து வகுப்புகளையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தினேன்.