சூடே தெரியல

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகிற கிளாட்வினுக்கு எதற்கு அவ்வளவு பெரிய பைக் என்று ஊரே கேட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காற்று பட்டால்தான் ஆறுகிற இன்ஜின். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தால் அடுப்பாகக் கொதிக்கும். “தொடை வேகுதுங்க, ஓரங்கட்டுங்க” என்று பின்னாலிருந்து மனைவி ஜெப்சி தோளில் அடிப்பாள். சர்க்கரை வியாதியில் இவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. சூட்டை அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்வான்.

தவக்காலத்தில் ஒரு காய்ச்சலில் ஜெப்சி போய்விட்டாள். அவன் அழவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவள் நச்சரித்துக்கொண்டிருந்தபடியே, ராமநாதபுரம் மெக்கானிக் மாரீஸ்வரனிடம் வண்டியை விட்டான். இன்ஜினைக் குளிரவைக்க ஆயில் கூலரும், பின் சிலிண்டர் அனல் காலில் அடிக்காமலிருக்க ஒரு தகடும் மாட்டுவதாகப் பேச்சு.

ஒரு வாரம் கழித்துப் போனபோது மாரீஸ்வரன் சாப்பிடப் போயிருந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. கிளாட்வின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சிவெயிலில் தேவிபட்டினம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மாரீஸ்வரன் வந்திருந்தான்.

“நல்ல வேலை தம்பி. சூடே தெரியல.”

மாரீஸ்வரன் முழித்தான். “இன்னும் ஒண்ணுமே மாட்டலண்ணே. பார்சலே வரல.” பிறகு குனிந்து பார்த்துப் பதறினான். “அய்யோ, கால என்னண்ணே பண்ணி வச்சிருக்கீக!”

வலது கெண்டைக்காலில் கொப்புளம் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் கிளாட்வின் அதைப் பார்த்தான்.

“யாரும் சொல்லலையே” என்றான்.