அப்பாவுக்காக நான் சொன்ன பாவ அறிக்கை

பிரியமானவர்களே, இது சந்தோஷமான சாட்சி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பிழைக்கவில்லை. ஆனாலும் என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போனார். பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. அங்கேயே இன்னொரு குடும்பம். அம்மா கார்மென்ட்ஸில் தைத்துத் தைத்து என்னை ஆளாக்கினார். எனக்குக் கல்யாணமான அடுத்த வருஷமே கர்த்தருக்குள் நித்திரையானார். அடக்கத்துக்குக்கூட அப்பா வரவில்லை. அதை நான் மறக்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அந்த இன்னொரு குடும்பமும் கைவிட்டுவிட்டது, கூட யாரும் இல்லை.

"கூட்டிட்டு வந்துடலாம், எஸ்தர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கென்ன, பீ மூத்திரம் அள்ளப்போறது நான்தானே" என்றேன். ஆனாலும் நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கே அப்பா வந்து சேர்ந்தார்.

குளிப்பாட்டினேன், ஊட்டினேன். ஆனால் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். என்ன கேட்கிறார் என்று தெரியும். தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆண்டவரே, மன்னிக்க எனக்கு மனசு வரலை. இவர் இப்படியே போயிட்டா அப்புறம் நான் நிம்மதியா இருக்க முடியாது. நீரே ஏதாவது செய்யும்" என்று அடுப்படியில் நின்று அழுதேன். மனசு இளகவில்லை. கல்லாகவே கிடந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் போதகர் அப்பாவுக்குத் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். முதலில் பாவ அறிக்கை சொல்ல வேண்டும். அப்பா வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"அவருக்குப் பேச வராதேம்மா. அவர் ஸ்தானத்துல நின்னு நீ சொல்லு" என்றார் போதகர்.

"நானா பாஸ்டர்? இவர் பண்ணினதுக்கா?"

"வேற யாரும்மா இருக்கா அவருக்கு?"

கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். 'ஆண்டவரே, நான் பாவம் செய்தேன்' என்றேன், அவர் செய்ததையெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே. 'அன்பு காட்ட வேண்டியவர்களுக்குக் காட்டாமல் போனேன்' என்றதும் நிறுத்திவிட்டேன். இவர் பாவத்தைச் சொல்கிறேனா, என் பாவத்தையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் உடம்பைத் துடைத்தேனே தவிர, இத்தனை நாளில் ஒரு தடவை 'அப்பா' என்று கூப்பிடவில்லை. ஒரு தப்பும் செய்யாத இயேசு என் ஸ்தானத்தில் இப்படித்தானே நின்றார் என்று அப்போதுதான் உறைத்தது. ஞாயிறுதோறும் கேட்ட செய்திதான். அன்றைக்குத்தான் காதில் ஏறியது.

"எங்க ரெண்டு பேரையும் மன்னியும்" என்று முடித்தேன்.

போதகர் பாவமன்னிப்பைக் கூறி அப்பத்தை எடுத்தார். அப்பாவால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. துளி அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து நானே அவர் நாக்கில் வைத்தேன்.

"அப்பா, வாங்கிக்கோங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அந்த வாரமே போய்விட்டார். அம்மா பட்டதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்காகவும் இப்போது என்னால் அழ முடிகிறது. ஆண்டவர் கொடுத்தது அது.

மனசு இளகட்டும், பிறகு மன்னிக்கலாம் என்று இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், காத்திருக்க வேண்டாம். இளகாத மனசோடேயே ஆண்டவரிடம் போங்கள். அவருடைய கிருபை எனக்கே போதுமானதாக இருந்ததென்றால், வேறு யாருக்குத்தான் போதாது?