டிகாக்‌ஷனில் போன இரும்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. தில்லை நகரில் ஒரு சின்ன மகப்பேறு கிளினிக். டாக்டரம்மா என் பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

“எட்டு புள்ளி எட்டு” என்றார்.

போன மாதம் எட்டு புள்ளி ஏழு. நாலு வாரம் மாத்திரை, நாலு வாரம் கீரை, நாலு வாரம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது... ஏறியது வெறும் புள்ளி ஒன்று! கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். எங்கள் வண்டி எட்டிலேயே பிரேக் பிடித்து நிற்கிறது.

என் பெண் கயல்விழியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கதையை இந்தப் பக்கத்தில்தானே புலம்பித் தீர்த்தேன்! அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. இவள் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு. எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. ஒரு நாள் மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு வெளுத்து, “ஒண்ணுமில்லப்பா, மூச்சு வாங்குது” என்றாள். அன்றைக்கு எடுத்த டெஸ்ட்தான் அந்த முதல் எட்டு புள்ளி ஏழு.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. “பிரசவத்துல எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். இவ்வளவு கம்மியா இருந்தா, அதைக்கூட இவங்க உடம்பு தாங்காது. குழந்தையும் மாசம் நிறையறதுக்கு முன்னாடியே, எடை குறைச்சலா பொறக்கலாம். மாத்திரைக்கு ஏறலைன்னா ஊசி வழியா இரும்புச்சத்தை ஏத்தணும். ரத்த வங்கி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்துடுவேன்.”

பயந்துபோனேன். என் மனைவி மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த குண்டுக் குழந்தை படத்தைப் பார்த்தேன்.

அந்த நாலு வாரம் நாங்கள் சும்மா இருந்தோமா என்ன?

முதல் ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் போர்க்கால நடவடிக்கை ஆரம்பம். மல்லிகாவின் வைத்திய சாஸ்திரம் ரொம்ப எளிமையானது: சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம். பீட்ரூட், மாதுளை, தர்பூசணி, செவ்வாழை, சிவப்பு அவல்... ஒரு கட்டத்தில் தக்காளி ரசத்தைக்கூட ஒரு எதிர்பார்ப்போடு பார்த்தாள். கயலின் நாக்கு சிவந்தது, ரிப்போர்ட் சிவக்கவில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே பெரியகடை வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஹாஜா இன்னொரு கட்சி. “இன்ஷா அல்லா, ஒரே மாசத்துல புள்ளை ஜம்முனு ஆயிடும் பாருங்க” என்று பேரீச்சம்பழப் பெட்டியும், அவர் வீட்டு அம்மா செய்த ஈரல் வறுவலும் வாரம் மூன்று முறை அனுப்பினார். கறி வாசனையே ஆகாத எங்கள் தெருவில் ஈரல் வறுவல் டப்பாவைத் திறப்பது லேசான காரியமா? ஜன்னல்களைச் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, ஏதோ குற்றம் செய்கிற மாதிரி சாப்பிடுவோம்.

அப்புறம் கீழ் வீட்டு மாமி. தங்கமான மனுஷி. ஆனால் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் மாமிக்கு ஒரு கவலை. “இந்த அயர்ன் மாத்திரை சாப்டா கொழந்தை கறுப்பா பொறக்கும்னு சொல்றாளே... எதுக்கும் நன்னா குங்குமப்பூ போட்டு பால் குடுங்கோ.”

மல்லிகா சும்மா இருப்பாளா? “ஏன் மாமி, தினம் விடிகாலைல போயி சேவிச்சுட்டு வரீங்களே, அந்தப் பெருமாள் என்ன கலர்?”

மாமி ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அபசாரம், அபசாரம்! அவர் நீலமேக ச்யாமளன்னா! நீ மாத்திரையே குடும்மா” என்று போய்விட்டார்.

சரி, இவர்களெல்லாம் இப்படி. நான் என்ன செய்தேன்? அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்.

கயலுக்கு அந்த மாத்திரையே பிடிக்காது. விழுங்கினால் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி இருக்கிறதாம். முதல் மூன்று நாள் முகத்தை அஷ்டகோணலாக்கி விழுங்கினாள். நாலாம் நாள் குமட்டிக்கொண்டு ஓடினாள். பெற்ற வயிறு மல்லிகாவுக்கு. எனக்குப் பார்க்கிற கண் இருக்கிறது இல்லையா? மூளையைக் கசக்கினேன். பளிச்சென்று ஐடியா வந்தது.

“என் காபி எதுக்கு இருக்கு?”

எங்கள் வீட்டில் சமையல் மல்லிகாவின் ராஜ்யம். ஆனால் காபி மட்டும் முப்பது வருஷமாக என் இலாகா. பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும், வெந்நீரை எப்போது ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத்தான் அத்துப்படி. வீட்டுக்கு வருகிறவர்கள், “உங்க காபிக்காகவே வரலாம் சார்” என்பார்கள். அதை நான் நம்பவும் செய்வேன். காலை எட்டரைக்கு இட்லி முடிந்ததும், முதல் டிகாக்‌ஷனில் திக்காக ஒரு டம்ளர் போட்டு, அதோடு மாத்திரையைக் கொடுத்தேன். ஆணி வாசனை போன இடம் தெரியவில்லை! கயலும் வாந்தி எடுக்கவில்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கால்சியம் மாத்திரை ஒன்று தனியாக இருந்தது. எதற்கு இரண்டு தடவை தொல்லை? அதையும் அதே டம்ளரில் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் ஞாபகப்படுத்துகிற வேலை மிச்சம் பாருங்கள்.

மதியம் முருங்கைக்கீரைப் பொரியல். அது முடிந்ததும், தெம்பாக இருக்கட்டுமே என்று இன்னொரு காபி.

கிளினிக்குக்கு வருவோம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “மாத்திரை தினமும் போடறீங்களா?”

“ஒரு நாள்கூட விடல டாக்டர்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“நீங்க இருங்க சார். அவங்க சொல்லட்டும். நேத்து காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன சாப்பிட்டேன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா.”

கயல் சொல்ல ஆரம்பித்தாள். இட்லி. மாத்திரை. காபி...

“இரு. மாத்திரை எதுல போட்ட?”

“காபிலதான் டாக்டர்.”

“கால்சியம் மாத்திரை?”

“அதுவும் அதே காபில.”

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏதோ கோபிக்கப்போகிறார் என்று பார்த்தால், சிரிக்கிறார். “யாரும்மா இந்த ஐடியாவைக் குடுத்தது?”

அறையில் இருந்த மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறிகூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். காபி, டீ இரண்டிலும் இருக்கிற ஒரு துவர்ப்புச் சத்து, இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பாலும் கால்சியமும் அதே மாதிரி குறுக்கே நிற்குமாம். ஆக, நான் ஒரே டம்ளரில் காபி, பால், கால்சியம் என்று மூன்று காவல்காரர்களை நிறுத்திவிட்டு, நடுவில் இரும்பை உள்ளே போ என்று அனுப்பியிருக்கிறேன். அது எங்கே போகும்? உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போயிருக்கிறது. கீரைக்கும் அதே கதிதான். மல்லிகா ஆய்ந்து ஆய்ந்து விரல் கறுத்ததுதான் மிச்சம்.

“காபியே கூடாதுன்னு சொல்லல. சாப்பாடு, மாத்திரை ரெண்டுலேருந்தும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளி, நாளைக்கு ஒரு சின்ன டம்ளர் போதும். இரும்பு மாத்திரையை தண்ணியிலயோ எலுமிச்சை ஜூஸ்லயோ போடுங்க. நெல்லிக்கா, கொய்யா, எலுமிச்சை எல்லாம் இரும்பை உள்ள இழுக்கும். கீரை மேலயே நாலு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடலாம். கால்சியம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தனியா.”

நான் பிராயச்சித்தம் செய்கிற அவசரத்தில் கேட்டேன்: “விட்டுப்போனதுக்குச் சேர்த்து ரெண்டு ரெண்டா குடுத்துடட்டுமா டாக்டர்?”

“சார்!” என்றார். அந்த ஒரு சார் போதும். “நான் எழுதின அளவுதான். அதிகமானா அதுவும் ஆபத்து. அட்டையை சின்னப் பசங்க கைக்கு எட்டாத இடத்துல வையுங்க.”

ஹாஜாவின் ஈரல் பற்றியும் ஒரு தீர்ப்பு வந்தது. ஈரலில் இரும்பு இருக்கிறதுதான். ஆனால் வைட்டமின் ஏ அதில் எக்கச்சக்கமாம். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு அது ஆகாது, பிரசவம் வரை வேண்டாம் என்றார். ஆட்டுக்கறி, மீன், முட்டை நன்றாக வெந்ததாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை எல்லாம் நல்லது. “ஆனா இவ்வளவு கம்மியா இருக்கும்போது சாப்பாடு மட்டும் போதாதும்மா. மாத்திரையை விட்டுடாதே. மலம் கறுப்பா போகும், பயந்துக்காதே. மலச்சிக்கல் வந்தா தண்ணி, பழம் நிறைய. அப்பவும் கஷ்டமா இருந்தா எனக்கு போன் பண்ணு, நீயா நிறுத்தாதே.”

கயல் மெதுவாகக் கேட்டாள். “ஆஸ்பத்திரி மாத்த வேண்டாமா டாக்டர்?”

“மாத்திரை இன்னும் அதோட வேலையையே ஆரம்பிக்கலம்மா. ரெண்டு வாரத்துல ஒரு டெஸ்ட். நாலு வாரத்துல இன்னொண்ணு. ஏறினா இங்கேயே. ஏறலைன்னா நான் யோசிக்க மாட்டேன், அனுப்பிடுவேன்.”

ஆட்டோவில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் டிராஃபிக். எனக்கு அழுகையாக வந்தது. ஒரு மாதம்! ஏழு மாதக் கர்ப்பிணியின் ஒரு மாதத்தை நான் டிகாக்‌ஷனில் கரைத்துவிட்டேன். அதுவும் எவ்வளவு பெருமையாக!

கயல்தான் முதலில் சிரித்தாள். “அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“மூணாம் மாசத்துலேருந்தே எனக்கு காபி வாசனை பட்டாலே பிடிக்கல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன்.”

“அடிப்பாவி! அப்புறம் ஏன் குடிச்ச?”

“நீங்க டம்ளரைக் குடுத்துட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?”

அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மல்லிகா என் முழங்கையைத் தட்டினாள். “விடுங்க” என்றாள். இன்றுவரை அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் கர்ப்பம் என்றால் நாம் எத்தனை பேர் கிளம்புகிறோம்? இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடு, இன்னும் ஒரு வாய்... தெருவே சமைக்கிறது. ஆனால், “உனக்கு எது இறங்குது? எது குமட்டுது?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது யார்? மாதம் ஒரு முறை, பத்து நிமிஷம் பார்க்கிற டாக்டர். இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருந்த நான் கேட்கவில்லை. ஊட்டுகிற ஆசையில் கேட்கிற காது அடைத்துப்போகிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. பதினோரு மணிக்கு மாத்திரை, கூடவே எலுமிச்சை ஜூஸ். அந்தப் புளிப்பில் ஆணி வாசனையும் அவளுக்குப் பழகிப்போனது. மதியம் கீரை, கூட ஒரு நெல்லிக்காய் துவையல். ராத்திரி கால்சியம். ஹாஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. “அப்படியா? டாக்டர் சொன்னா சரி. மட்டன் சுக்காவா மாத்திடச் சொல்றேன்” என்றார். ஊதுவத்திச் செலவு மட்டும் குறையவில்லை.

என்னை மல்லிகா கிச்சன் பக்கமே விடவில்லை. காலையில் அவளே எனக்குக் காபி போட்டு, பால்கனிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “அங்கேயே குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெச்சுட்டு வாங்க. அவ கண்ணுல படக் கூடாது.” சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் போட்ட காபி நன்றாகவே இருந்தது. முப்பது வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் ஒன்பது புள்ளி ஐந்து. மல்லிகா கிளினிக் வாசலிலேயே சமயபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கயல் மாடிப்படியை நடுவில் உட்காராமல் ஏற ஆரம்பித்தாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. மதியம் என்னோடு சண்டைகூடப் போட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆச்சு!

போன வாரம் நாலாவது வார டெஸ்ட். அதே கிளினிக், அதே குண்டுக் குழந்தை படம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பத்து புள்ளி மூணு! நல்லா ஏறுது. இப்படியே போனா ஆஸ்பத்திரி மாத்த வேண்டாம். இங்கேயே பிரசவம் பார்த்துடலாம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.”

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. நல்ல தெம்பு வந்த கை.

“ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க. யாரு பொறுப்பா பார்த்துக்கிட்டது?” என்றார் டாக்டரம்மா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன்.

மல்லிகா சொன்னாள்: “அவளை இவர்கிட்டேருந்து காப்பாத்தினது நாந்தான் டாக்டர்.”